மாடிக்கு ஏறுமுன் கைப்பிடிச் சுவர்



உங்கள் கடிதங்களில் ஒரே கேள்வி மறுபடியும் மறுபடியும் வருகிறது. "நோயாளிகளோடு வந்து தங்கும் உறவினர் இளைப்பாற மாடியில் ஓர் இடம் அமைக்கப் போகிறோம் என்று இந்த மடலில் எழுதியிருந்தீர்கள். எங்கள் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று பிரித்து அனுப்பினோம். இரண்டு கோடை கழிந்துவிட்டது. வேலை தொடங்கியதாகத் தெரியவில்லையே?" என்று ஒரு கிராமச் சபையின் செயலாளர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயமே. கொடுத்தவர்களுக்கு வரவு செலவுக் கணக்கு மட்டுமல்ல, தாமதத்தின் காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது எங்கள் தவறை ஒத்துக்கொள்ளுகிறோம். மாடி ஏற்கெனவே இருக்கிறது. மேலே ஒரு பந்தல், நாலு பெஞ்சு, இரண்டு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்து, பொறியாளரைக் கேட்குமுன்னே உங்களுக்கு எழுதிவிட்டோம். கேட்ட பிறகுதான், மாடி இருப்பது வேறு, மாடியில் ஜனங்கள் இருப்பது வேறு என்று விளங்கியது.

இந்த மருத்துவமனைக்கு வந்திருக்கிறவர்களுக்கு இங்குள்ள நிலை தெரியும். ஒரு நோயாளி படுக்கையில் இருந்தால் கூட இரண்டு பேராவது வந்திருப்பார்கள். பிரசவமானால் தாயும் மாமியாரும் நாத்தனாரும் நாலைந்து பிள்ளைகளும் வருவார்கள். பகலில் வேப்பமரத்தடி போதும். இரவில் வராந்தாவில் பாய் விரிக்கிறார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் வராந்தாவில் காற்று இல்லை, கொசு உண்டு. ஆகவே யாரும் சொல்லாமலே மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம், கொண்டியோடு பெயர்த்துவிட்டார்கள். "ஏன் அம்மா மேலே போகிறீர்கள்?" என்று ஒரு தாயாரைக் கேட்டோம். "கீழே படுத்தா எங்க கண்ணு மூடுது ஐயா? மேலேன்னா காத்தாவது வருது" என்றார். அவருடைய மகனுக்கு அன்று அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அதற்குமேல் நாங்கள் என்ன சொல்ல?

பூட்டுப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இந்த மடலில் இதுவரை எழுதியதில்லை. 1997-ஆம் ஆண்டு மே மாதம், மனைவியின் பிரசவத்துக்காக வந்த ஒரு வாலிபர் பழைய வார்டின் மாடியில் சுவரோரமாகப் படுத்திருந்தார். சுவரின் உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே. அந்தச் சுவர் தண்ணீர் வழியாமலிருக்கக் கட்டினது, மனுஷனைத் தாங்கக் கட்டினதல்ல. விடியற்காலத்தில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்தவர் இடறிக் கீழே விழுந்தார். அன்று காலை ஏழு மணிக்கு அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு செய்திகளையும் அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியவர்கள் நாங்களாயிருந்தோம். எந்தச் செய்தியை முதலில் சொன்னோம் என்று இப்போது நினைவில் இல்லை. அவருடைய தகப்பனார் எங்களைக் குற்றப்படுத்தவில்லை. "அவன் விதி" என்று சொல்லி சடலத்தை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மறுநாள் பூட்டுப் போட்டோம், அவ்வளவுதான் செய்தோம். சுவரை உயர்த்தவில்லை.

உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எழுப்பாமல் யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்றும் மோசேயின் பிரமாணம் சொல்லுகிறது. இஸ்ரவேல் நாட்டு வீடுகளின் கூரை நம் ஊர் மொட்டை மாடியைப் போலவே தட்டையானது. ராகாப் வேவுகாரரை ஒளித்து வைத்ததும், யோப்பாவில் பேதுரு ஜெபிக்க ஏறினதும் அப்படிப்பட்ட மேல்வீட்டில்தான். கூரை அவர்களுக்கு ஒரு அறையாகவே இருந்தபடியால் அதற்கு ஒரு சட்டமும் இருந்தது.

இதற்கு யூத அறிஞர்கள் கொடுத்த விளக்கம் இன்னும் சுவாரசியமானது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில், இந்தச் சுவர் பத்துக் கைப்பிடி அகலத்துக்குக் குறையாத உயரம் இருக்க வேண்டும், ஒருவன் சாய்ந்தாலும் விழாதபடி உறுதியாயிருக்க வேண்டும் என்கிறார். கைப்பிடி என்பது நாலு விரல் சேர்ந்த அகலம். கணக்குப் பார்த்தால் 80 முதல் 95 சென்டிமீட்டர் வருகிறது. உயரம் என்று மட்டும் சொல்லி விடாமல் உறுதியையும் சொன்னதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் அவர் சொல்லுகிறார்: களஞ்சியத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இந்தச் சட்டம் இல்லை, மனிதர் வாசம்பண்ணும் வீட்டுக்குத்தான். அதாவது கட்டிடம் எதனால் கட்டப்பட்டது என்பதல்ல, எதற்குப் பயன்படுகிறது என்பதே விதியைத் தீர்மானிக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பொறியாளர் எங்களுக்குச் சொன்னதும் இதேதான், அவர் மைமோனிடஸை வாசித்ததில்லை என்றாலும்.

நம் மாநிலத்தின் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அனுமதி பெற வேண்டிய வேலை என்பது செங்கல் வைத்துக் கட்டுவது மாத்திரமல்ல. இருக்கிற கட்டிடத்தின் பயன்பாட்டை முக்கியமாக மாற்றுவதும் அதில் அடங்கும். தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த இடத்தை நாற்பது பேர் தங்கும் இடமாக்கினால், ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது வேறு காரியம் ஆகிவிடுகிறது.

இனி பாரத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். எங்களுக்கு அதிகமாய் நேரம் பிடித்தது இதுதான், நாங்கள் அதிகமாய்க் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

ஒவ்வொரு தளமும் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 875 என்ற எண்ணுள்ள ஏடு ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பாகம் மனிதரும் பொருட்களும் தரும் சுமையைப் பற்றியது. ஆள் ஏறாத, பழுது பார்க்க மட்டும் போகிற தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ. படிக்கட்டு வைத்து ஆள் ஏறக்கூடிய கூரைக்கு 150 கிலோ. மருத்துவமனை வார்டுக்கு 200 கிலோ. நாற்காலிகளைத் தரையோடு பொருத்தாமல் ஜனங்கள் கூடுகிற மண்டபத்துக்கு 500 கிலோ. இவை கான்கிரீட்டின் சொந்தப் பாரத்துக்கும் மேலே போட்ட ஓட்டின் பாரத்துக்கும் அப்பாற்பட்டவை.

கிறிஸ்மஸ் கீத ஆராதனையை மாடியில் வைத்தால் என்ன என்று எங்கள் பாடகர் குழுவினர் வெகுநாளாய்க் கேட்டு வருகிறார்கள். ஜனங்கள் நெருங்கி நின்றால் ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேர் நிற்கலாம். ஆளுக்கு 60 கிலோ என்றால் 300 கிலோ. தாளத்துக்கேற்ப அசைந்து கைதட்டிப் பாடினால் அந்த அசைவும் சேர்ந்துகொள்ளும். 150 கிலோவுக்காக அமைத்த தளத்தில் இதை வைப்பது எப்படி? பாதுகாப்புக்கென்று பொறியாளர்கள் கணக்கில் வைத்திருக்கும் உபரி பலம் உண்டு என்பது மெய். அது சிமெண்டின் குறைவுக்கும் கம்பியின் துருவுக்கும் வேலையாளின் கவனக்குறைவுக்கும் வைத்தது. நம் கீத ஆராதனைக்கு வைத்ததல்ல. நியாயாதிபதிகள் 16-ஆம் அதிகாரத்தில் சிம்சோனை வேடிக்கை பார்க்க ஏறக்குறைய மூவாயிரம் பேர் மேல்வீட்டில் ஏறியிருந்தார்கள். அந்தக் கூரைக்கு யார் அனுமதி கொடுத்தார் என்று வேதம் சொல்லவில்லை.

எங்கள் வளாகத்தில் இரண்டு மாடிகள் உண்டு. ஒன்று மிஷனெரிகள் கட்டிய பழைய வார்டின் மேலே. மற்றொன்று 1988-இல் கட்டிய புறநோயாளர் பிரிவின் மேலே. பழையதைப் பற்றி நாங்கள் பெருமையாய்ப் பேசுவதுண்டு. அது மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படுகிற வகை. தேக்கு உத்திரங்களைக் குறுக்கே போட்டு, சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் கோணல் வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்காய் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துக் கட்டினது. கம்பி என்பதே அதில் கிடையாது. உள்ளே இருக்கும் குளிர்ச்சி இன்றைய எந்தக் கான்கிரீட் கட்டிடத்திலும் இல்லை.

ஆனால் அதன் உயிர் தேக்கு உத்திரத்தில், அதுவும் உத்திரத்தின் முனை சுவருக்குள் புகுந்திருக்கும் ஒரு முழ இடத்தில் இருக்கிறது. சுவரில் ஈரம் இறங்கினால் அந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் மேஸ்திரி சுவரை அங்கங்கே திறந்து ஒரு சிறு உளியால் குத்திப் பார்த்தார். பதினெட்டு உத்திரங்களில் மூன்றில் உளி விரல் ஆழம் இறங்கியது. "ஐயா, இதும் மேல துணி காயப் போடுங்க, ஆளை ஏத்தாதீங்க" என்றார். அந்த மூன்று உத்திரங்களும் இப்போது மாற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் அந்த மாடியில் ஆள் தங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டோம். அந்த வாலிபர் விழுந்தது அந்த மாடியிலிருந்துதான்.

புதிய கட்டிடத்தின் கதை வேறு. அதைக் கட்டும்போது பின்னாளில் மேலே இன்னொரு வார்டு எழுப்பலாம் என்று எண்ணியிருந்தார்கள். ஆகவே தூண்களின் கம்பிகளை மாடியில் நீட்டி விட்டிருந்தார்கள். நம் ஊரில் பாதி வீடுகளின் மாடியில் அப்படிக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்பிக்கையின் அடையாளம் என்று நாங்கள் வேடிக்கையாய்ச் சொல்லுவோம். முப்பது வருஷ மழையில் அந்தக் கம்பிகள் துருப்பிடித்து, துரு தூணுக்குள்ளும் இறங்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாகக் கட்டிடத்தின் பழைய வரைபடம் எங்கள் அலுவலகப் பீரோவில் அகப்பட்டது. அதில் அந்தத் தளம் வார்டுக்குரிய 200 கிலோ சுமைக்குக் கணக்கிடப்பட்டிருந்தது.

காகிதத்தில் இருப்பது போதாது, தளத்தையே கேட்போம் என்றார் பொறியாளர். இரண்டு உத்திரங்களுக்கு நடுவே 4 மீட்டர் நீளம் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தைத் தெரிந்துகொண்டு, கீழேயிருந்த அறையைக் காலி செய்து, தளத்தின் அடியில் அளவுக் கருவி பொருத்தினார். விதிப்படி சோதனைச் சுமை தாங்க வேண்டிய சுமையைப் போல ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 250 கிலோ. பன்னிரண்டு சதுர மீட்டருக்கு 3,000 கிலோ. ஐம்பது கிலோ மணல் மூட்டைகள் அறுபதை ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். இருபத்துநாலு மணி நேரம் அப்படியே விட்டார்கள். பிறகு இறக்கினார்கள். சுமை ஏறும்போது தளம் சற்றுத் தாழும். சுமை இறங்கி ஒரு நாளுக்குள் தாழ்ந்த அளவில் முக்கால் பங்காவது திரும்ப எழும்பினால்தான் தேறினதாகக் கணக்கு. நம் தளம் அதற்கு மேலாகவே எழும்பியது. அன்று மாலை வேலையாட்களுக்குத் தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்தோம். உங்கள் காணிக்கையிலிருந்து முதலாவது செலவானது இந்தச் சோதனைக்குத்தான். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றும் அதனால் வரவில்லை என்பது உண்மை.

ஆகவே 200 கிலோ வரைக்கும் அந்த மாடி தாங்கும். பாய் விரித்துப் படுக்கவும், உட்கார்ந்து பேசவும், பத்துப் பன்னிரண்டு பேராய்க் கூடி ஜெபிக்கவும் அது போதும். கீத ஆராதனைக்குப் போதாது. பாடகர் குழுவினர் எங்களை மன்னிக்க வேண்டும்.

சுமை என்றால் ஆள் மாத்திரமல்ல. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். மகளிர் ஐக்கியத்தார் ஒருவர் மாடியில் பூந்தோட்டம் போடப் பணம் தருவதாக அன்போடு எழுதியிருந்தார்கள். ஒரு அடி ஆழத்துக்கு மண் போட்டு நனைத்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தொட்டிகளில் வைத்து, அவற்றையும் தூண் இருக்கிற இடத்தின் மேலே மட்டும் வைக்கலாம் என்று அவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறோம். மழைநீரை மறந்துவிடக் கூடாது. வேப்பிலைச் சருகு குழாய் வாயை அடைத்துக்கொண்டு நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோ. இரவில் பெய்கிற ஐப்பசி மழைக்கு இது பெரிய காரியமல்ல. தளத்தின் மேல் தட்டோடு பதித்து நீர் வழியச் சரிவு கொடுப்பது அதற்காகத்தான். 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிருப்பதால் அந்தக் குழாய்கள் கிணற்றுப் பக்கம் போகின்றன. மாடியில் ஆள் தங்கினால் அந்தத் தண்ணீரின் சுத்தத்தையும் யோசிக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவருக்கு வருகிறோம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட நெறிமுறைப்படி மாடியின் ஓரச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கே அளப்பது என்பது முக்கியம். தளத்திலிருந்து ஒரு மீட்டர் இருந்தாலும், சுவரோரம் ஓடுகிற தண்ணீர்க் குழாயின்மேலோ தொட்டி மேடையின்மேலோ ஒரு பிள்ளை ஏறி நின்றால் அதற்கு அந்தச் சுவர் முழங்காலளவுதான். ஆகவே குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. கம்பி வைத்தால் குறுக்குக் கம்பி ஆகாது, பிள்ளைகளுக்கு அது ஏணி. நேர்க்கம்பிதான் வைக்க வேண்டும், குழந்தையின் தலை நுழையாத இடைவெளியோடு. பல நாடுகளில் இந்த இடைவெளியைப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

உறுதிக்கும் அளவு உண்டு. முன் சொன்ன அதே ஏட்டில், மாடிச் சுவரின் மேல்விளிம்பில் பக்கவாட்டாக ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 75 கிலோ தள்ளினாலும் அது நிற்க வேண்டும் என்றிருக்கிறது. ஜனங்கள் நெருங்கும் இடமானால் 225 கிலோ; அந்த இடங்களின் பட்டியலில் நாடகசாலை, பள்ளிக்கூடம் இவற்றோடு ஆலயமும் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் வழக்கமாய் வைக்கிற நாலரை அங்குலச் செங்கல் சுவர் தளத்தின்மேல் வெறும் சாந்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை இன்னும் இரண்டடி உயர்த்திவிட்டால் உயரம் சரியாகும், ஆனால் நாலு பேர் சாய்ந்தால் சுவரும் அவர்களோடு போகும். முன்னைவிட அபாயம் அதிகம், ஏனென்றால் உயரமான சுவரை ஜனங்கள் நம்பிச் சாய்வார்கள். எனவே எட்டடிக்கு ஒன்றாக, தளத்தின் உத்திரத்தோடு கம்பி பிணைத்த கான்கிரீட் குறுந்தூண்கள் எழுப்பி, அவற்றுக்கு இடையில் சுவரும் மேலே இரும்புக் கைப்பிடியும் அமைக்கிறோம். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். பந்தலுக்கென்று நீங்கள் கொடுத்த பணம் சுவருக்குப் போகிறதே என்று சிலர் மனம் வருந்தலாம். சுவர் இல்லாமல் பந்தல் போட எங்களுக்குத் துணிவில்லை.

பந்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் நாங்கள் நினைத்தது தென்னங்கீற்று. மலிவு, குளிர்ச்சி, நம் ஊர்ப் பழக்கம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் மாண்டதை நம்மில் யார் மறப்போம்? அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அரசு அகற்றச் சொன்னது. 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் மும்பையின் கமலா மில்ஸ் வளாகத்தில், எளிதில் தீப்பிடிக்கும் மறைப்புப் போட்டிருந்த ஒரு மாடி உணவகத்தில் தீப்பற்றி 14 பேர் இறந்தார்கள். பிராணவாயுக் குழாய்கள் ஓடுகிற கட்டிடத்தின் தலைமேல் கீற்றும் தார்ப்பாயும் கூடாது என்பதில் எங்களுக்குள் இப்போது இரண்டு கருத்தில்லை.

அப்படியானால் இரும்புத் தகடு போடலாமே? போடலாம். ஆனால் தகடு என்பது காற்றுக்கு ஒரு பாய். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கம் கரை கடந்தபோது தகடுகள் பறந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தகட்டுக் கூரையின் தூண்களைத் தளத்தோடு நன்றாகப் பிணைக்க வேண்டும். தட்டோட்டைத் துளைத்துப் பிணைத்தால் அந்த வழியாய்த் தண்ணீர் இறங்கும். இதோடு சட்டமும் சேர்ந்துகொள்ளுகிறது. திறந்த மாடி கட்டிடத்தின் தளப்பரப்புக் கணக்கில் வருவதில்லை. மேலே கூரை போட்டு ஜனங்கள் தங்கும் இடமாக்கினால் அது இன்னொரு மாடியாகக் கணக்கிடப்படலாம். கட்டிடத்தின் உயரமும் அதற்கேற்பக் கூடும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டிடம் என்று வகுத்து, வேறு கடுமையான நிபந்தனைகளை வைத்திருக்கிறார்கள். நம் கட்டிடம் அவ்வளவு உயரமில்லை. பட்டணத்துச் சபைகள் கவனிக்க வேண்டும். நாங்கள் மாடியில் கிழக்குப் பக்கம் ஒரு பகுதிக்கு மட்டும் தகட்டு நிழல் கேட்டிருக்கிறோம். மற்றது திறந்தவெளியாகவே இருக்கும். படுக்க வருகிறவர்களும் ஆகாயத்தைத்தானே தேடி வருகிறார்கள்.

ஏறின ஜனங்கள் இறங்கவும் வேண்டும். நம் மாடிக்கு இப்போது ஒரே படிக்கட்டு. அதில் புகை ஏறினால் மேலே இருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. மறுமுனையில் வெளிப்புறமாக இரண்டாவது படிக்கட்டு வைக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையார் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தடையின்மைச் சான்று இல்லாமல் மருத்துவமனையில் எதையும் திறக்க முடியாது. மாடிக் கதவு பூட்டின கதவாயிருக்கவும் கூடாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நாங்கள் பூட்டினது பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். கீழே தீப்பற்றினால் மேலே ஓடுகிறவனுக்கு அந்தப் பூட்டே மரணமாகும் என்று அந்த அதிகாரி சொன்னபோது வாயடைத்துப்போனோம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மேலே போகச் சாய்தளம் வைக்கலாகாதா என்று ஒரு நேசர் கேட்டிருந்தார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பன்னிரண்டு அடி உயரமுள்ள ஒரு மாடிக்கு மட்டும் 144 அடி, அதுவும் திரும்பும் மேடைகளைச் சேர்க்காமல். நம்மிடம் அதற்கு இடமில்லை. மின்தூக்கி மாடிவரை போவதுமில்லை. அவர்களுக்காகக் கீழேயே வேப்பமரத்தைச் சுற்றி மேடையும் நிழலும் அமைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். இது போதுமான பதில் அல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

மேற்குப் பக்கம் போகிற மின்கம்பியையும் அளந்தார்கள். ஆள் ஏறும் மாடிக்கு மேலே சாதாரண வீட்டு மின்சாரக் கம்பி 2.5 மீட்டரும், உயர் அழுத்தக் கம்பி 3.7 மீட்டரும் உயரத்தில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். நம் கம்பி பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈரத்துணி உலர்த்தும் இடத்தில் அது எவ்வளவு அபாயம்! மின்வாரியத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம்.

கடைசியாகக் காகிதங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை திட்ட அனுமதி தர வேண்டும். உள்ளாட்சி கட்டிட அனுமதி தர வேண்டும். விண்ணப்பம் இப்போது கணினி வழியாகவே போகிறது. பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று, முன்பு பெற்ற அனுமதி, நிலத்தின் பட்டா எல்லாம் வேண்டும். எங்கள் வண்டி நின்றது பட்டாவில்தான். நிலத்தின் ஒரு பகுதி இன்னும் பழைய மிஷன் சங்கத்தின் பேரிலேயே இருக்கிறது. அந்தச் சங்கம் தன் சொத்துக்களை ஒப்புக்கொடுத்துப் போய் வெகுகாலமாகிறது. ஒப்புக்கொடுத்த பத்திரம் இருக்கிறது, பட்டா மாறவில்லை. எங்கள் முன்னோர் ஜெபத்தில் குறைவற்றவர்கள். பட்டா மாற்றுவதில் அவ்வளவு ஊக்கம் காட்டவில்லை. எட்டு மாதம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து இப்போது அது முடியும் தறுவாயில் இருக்கிறது. உங்கள் சபையின் ஆலயம், பாடசாலை, போதகர் வீடு இவற்றின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று இந்த மாதமே கமிட்டியில் பார்த்துவிடுங்கள். தேவை வரும்போது தேடினால் தாமதமாகும்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளை மாடியில் உட்கார வைக்கிற சபைகள் பல உண்டு என்று அறிவோம். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரின் உயரத்தை அளந்து, அதைக் கையால் பலமாய்த் தள்ளியும் பாருங்கள். ஆடினால் வகுப்பைக் கீழே கொண்டு வாருங்கள், அடுத்த வாரம் அல்ல, அந்த வாரமே.

இதுவரை நடந்தவை: பழைய வார்டின் உத்திரங்கள் மாற்றம், புதிய தளத்தின் சோதனை, துருப்பிடித்த கம்பிகளை வெட்டித் தூண் தலைகளை மூடினது. குறுந்தூண்களையும் இரண்டாவது படிக்கட்டையும் காட்டும் வரைபடம் தயாராயிருக்கிறது. பட்டா கைக்கு வந்தவுடன் விண்ணப்பிப்போம். அனுமதி வருமுன் இடைக்காலத்தில் இரவில் ஒரு காவலர் மாடிப்படியின் கீழே உட்காருகிறார், பூட்டு இல்லை. புறநோயாளர் கூடத்தில் மருத்துவம் முடிந்தபின் பெஞ்சுகளை ஒதுக்கி, மின்விசிறிகளை ஓடவிட்டு, ஐம்பது பேர் படுக்க இடம் செய்திருக்கிறோம். இதை முன்னமே செய்திருக்கலாம்.

மாடிக்கென்று வந்த தொகை தனிக் கணக்கில் இருக்கிறது. சுவருக்கும் படிக்கட்டுக்கும் அது செலவாவதை விரும்பாமல் வேறு தேவைக்கு மாற்ற நினைக்கும் சபைகளும் நேசர்களும் இந்த மாத முடிவுக்குள் எங்களுக்கு எழுதினால், அப்படியே மாற்றி ரசீதும் விவரமும் அனுப்பி வைப்போம்.